பதினோரு வீட்டுக் கிம்ச்சி

தோக்-சூனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மாணவர்களுக்கு அறையும் சோறும் கொடுக்கிறவள் எல்லாரையும் நம்பிக்கொண்டிருந்தால் மூன்றே மாதத்தில் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்பது அவள் கட்சி. சோயாச் சாறு போத்தலில் பேனாவால் கோடு போட்டு வைப்பாள். முட்டையை எண்ணி வைப்பாள். மாடியில் யாராவது சிரித்தால் என்ன விஷயம் என்று கேட்க மாட்டாள்; நம்மைப் பற்றித்தான் இருக்கும் என்று தானாகவே முடிவு கட்டிவிடுவாள். கறிக்கடைக்காரர் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டால், அதை மோந்து பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது.

தென்கொரியாவின் ஜோன்ஜூ நகரத்தில், பல்கலைக்கழகத்தின் பின்வாசலிலிருந்து மேலே ஏறுகிற சந்தில் அவள் வீடு. ஏழு அறை, காலையும் மாலையும் சாப்பாடு. டவுன் பஸ் ஓட்டிய கணவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. இருந்த காலத்தில் அவரையும் விட்டுவைக்கவில்லை. முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்க வேவு பார்த்தவள் அவள். பாவம், அந்த மனிதர் அன்றைக்கு முழுக்க பஸ்ஸை மட்டும்தான் ஓட்டினார். இறங்கும்போது, "கடைசி ஸ்டாப்பிங் வந்தாச்சு, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாராம்.

ஆனால் அவள் சந்தேகத்துக்கு ஒரேயடியாகக் காரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த ஒருவன் அவள் வீட்டில் தங்கியிருந்தான். அப்படி ஒரு பணிவு, அப்படி ஒரு கும்பிடு. பொதுக் குளியலறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று துண்டோடு போனவன் திரும்பி வரவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் பட்டறை வேலையில் இருந்தவனைப் பிடித்தார்கள். குடியேற்றத் துறை ஆட்கள் வந்து தோக்-சூனின் துணி அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். பல்கலைக்கழகம், வெளிநாட்டு மாணவர்கள் தங்கத் தகுந்த வீடுகளின் பட்டியலிலிருந்து அவள் வீட்டை அடித்துவிட்டது. நாலு அறை காலியாகக் கிடந்தது. அவள் நடையாய் நடந்து, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்த நாம்கூங் என்ற இளைஞனிடம் கெஞ்சி, ஒரு வழியாக இந்த வருடம்தான் ஒரே ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

"இது பரீட்சை மாதிரி, அம்மா. இந்தப் பொண்ணு ஒழுங்கா வருஷத்தை முடிச்சா உங்க வீடு மறுபடி பட்டியல்ல வரும். ஏதாவது தப்பாப் பட்டா மறைக்காதீங்க. உடனே சொல்லிடுங்க" என்றான் நாம்கூங்.

வந்தவள் பெயர் உயாங்கா. மங்கோலியாவின் எர்தெனெத் ஊர்க்காரி, இருபத்தொரு வயது. அங்கே கல்லூரியில் கொரிய மொழி படிக்கிறாள். செப்டம்பரில் வந்து அடுத்த ஜூனில் திரும்ப வேண்டும். வந்த அன்றைக்கே ஒரு பை நிறைய உலர்ந்த தயிர்க்கட்டியை நீட்டி, "எங்கம்மா குடுத்து விட்டாங்க, பெரியம்மா" என்றாள். எதற்கு இப்போதே காக்கா பிடிக்கிறாள் என்று தோக்-சூனுக்குத் தோன்றியது. தயிர்க்கட்டி நன்றாகத்தான் இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டு இருந்தது. சாப்பிடும்போது யாராவது வாயைத் திறந்தால் அதை எழுதிக்கொள்வாள். அடுப்படி வாசலில் நின்று, "இதுக்கு என்ன பேரு, பெரியம்மா? ஏன் முதல்ல எண்ணெய் விடலை?" என்று கேட்பாள். அக்டோபரில் ஒருநாள் கேட்டாள்:

"நம்ம வீட்ல கிம்ஜாங் எப்போ?"

கோஸில் மிளகாய் விழுதைத் தடவி ஊறவைக்கிற கிம்ச்சியை, குளிர்காலம் முழுவதற்குமாக ஒரே மூச்சில் போட்டு வைக்கிற நாளைத்தான் அவள் கேட்டாள்.

"எதுக்குக் கேக்கிறே?"

"நானும் கூடச் செய்யறேன். எனக்குக் கத்துக்கணும்."

வலிய வந்து வேலை செய்கிறேன் என்கிறவளுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தோக்-சூன் நினைத்தாள். அவளுடைய மிளகாய் விழுதின் அளவு செத்துப்போன மாமியாருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். "இந்த வீட்ல அதெல்லாம் கிடையாதும்மா. நான் கடையில வாங்கிடுவேன்" என்று பச்சையாகப் புளுகினாள்.

பிறகு நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகு, சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறுபது கோஸைத் தன்னந்தனியாகப் போட்டாள். மற்ற வீடுகளில் ஐந்தாறு பெண்கள் கூடி, ஊர்வம்பு பேசி, பச்சைக் கிம்ச்சியை ஒருத்தி வாயில் ஒருத்தி ஊட்டிச் செய்கிற வேலை அது. வேலை முடிந்ததும் பன்றிக்கறியை வேகவைத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். தோக்-சூன் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை. இடுப்பு விட்டுப்போய் மாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ராத்திரி சாப்பாட்டில் அதைக் கடைக் கிம்ச்சி என்று சொல்லியே வைத்தாள்.

இதற்குள் உயாங்காவின் நடமாட்டம் சரியில்லாமல் போயிருந்தது. சனி ஞாயிறுகளில் விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். வகுப்பு சீக்கிரம் முடிகிற நாட்களிலும் வீடு வர இருட்டிவிடும். வரும்போது பூண்டு வாடையும் மீன்சாற்று வாடையும் மாடிப்படி வரைக்கும் வரும். விரல்கள் வீங்கிச் சிவந்திருக்கும். காலுறையில் மிளகாய்த்தூள். மூன்று மாலை சாப்பாட்டுக்கு வரவில்லை. விடுதி நடத்துகிறவளுக்கு அதைவிட அவமானம் ஏது?

"எங்கடி போயிட்டு வர்றே?"

"வீட்டுக்குப் போனேன், பெரியம்மா."

"எந்த வீட்டுக்கு?"

"நிறைய வீடு. ஒரு வீடு இல்லை." சிரித்துக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் ரொம்ப நல்லவங்க. கை முழுக்கக் குடுத்து அனுப்பறாங்க."

கூலிக்குத்தான் போகிறாள் என்று தோக்-சூன் முடிவு கட்டினாள். வீட்டு வேலையா, தொழிற்சாலை வேலையா என்பதுதான் இனி தெரிய வேண்டியிருந்தது. படிக்க வந்தவள் அனுமதி இல்லாமல் கூலிக்குப் போனால் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தோக்-சூனின் வீட்டைப் பட்டியலில் ஏறவே விட மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பின்னாலேயே போனாள். இடுப்பு வலி இன்னும் விடவில்லை, இருந்தாலும் போனாள். பின்வாசல் முனையில் ஒரு வெள்ளை வேன் நின்றது. உள்ளே ஐந்தாறு பெண்கள், பூப்போட்ட தொளதொளக் கால்சட்டை, கையில் சிவப்பு ரப்பர் கையுறை. உயாங்காவைப் பார்த்ததும் ஒருத்தி கதவைத் திறந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். விடியற்காலையில் பெண்களை அள்ளிக்கொண்டு போகிற வேன் எங்கே போகும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வெங்காய வயலுக்கு, இல்லாவிட்டால் கிம்ச்சித் தொழிற்சாலைக்கு. பூண்டு வாடை எதைச் சொல்கிறது என்பது தெளிவாகத்தானே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் நாம்கூங்குக்குப் போன் செய்தாள்.

"நல்ல வேளை நீங்களாச் சொன்னீங்க. வருகைப் பதிவைப் பார்த்துட்டேன். இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை வகுப்புக்கே வரலை, ஒரு தகவலும் இல்லை. அன்னிக்கும் வேலைக்குத்தான் போயிருப்பா. புதன்கிழமை பத்து மணிக்கு விசாரணை. நீங்களும் வந்துடுங்க" என்றான் அவன்.

போனை வைத்த பிறகு தோக்-சூனுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. அன்று மாலை உயாங்காவின் தட்டில் மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்தப் பெண் எழுந்து நின்று தலையைத் தாழ்த்தி நன்றி சொன்னாள். தோக்-சூன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, விசாரணைக்குச் சாட்சியாக எதையாவது எடுத்துப் போகலாம் என்று மாணவர்களின் குளிர்பெட்டியைத் திறந்தாள். உயாங்காவுக்கு ஒதுக்கிய அடுக்கில் ஐந்து டப்பாக்கள் இருந்தன, ஐந்திலும் கிம்ச்சி. தொழிற்சாலையிலிருந்து களவாடுகிறாளோ? முதல் டப்பாவைத் திறந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள்.

நெத்திலிச் சாறு தூக்கலாக இருந்தது. தெற்கே கியோங்சாங் பக்கத்துக் கை. இரண்டாவதைத் திறந்தாள். நடுவில் கணவாய்த் துண்டு. கிழக்குக் கடற்கரைக்காரி எவளோ போட்டது. மூன்றாவது வெளிறிக் கிடந்தது, குட்டி இறால் உப்பு மட்டும். தலைநகர் சோல் பக்கத்து மருமகள். நாலாவதில் கடுகுக் கீரை. ஒரு தொழிற்சாலையில் ஒரு ருசிதான் வரும். இங்கே நாலு டப்பாவில் நாலு பெண்களின் கை இருந்தது. மனிதர்களை எடைபோடுவதில் எத்தனையோ தரம் தவறிய தோக்-சூன், கிம்ச்சியில் தவறியதே கிடையாது. வீட்டுக் கிம்ச்சியை இப்படி அழுத்தி அழுத்தி டப்பாவில் நிரப்பிக் கொடுப்பது கூலிக்காரிக்கு அல்ல. கிம்ஜாங்குக்குக் கை கொடுக்க வந்தவளுக்கு. அது யாரும் மீறாத வழக்கம்.

ஐந்தாவது டப்பாவில் பச்சை வாளை மீன் துண்டு, அரைத்த பேரிக்காய். அது யார் கை என்று யோசிக்கவே தேவையில்லை. எதிர்வீட்டு சாங்-கூவின் அம்மா.

அந்த அம்மாவோடு தோக்-சூன் பேசி ஒன்பது வருடமாகிறது. அவளும் இரண்டு அறையை மாணவர்களுக்கு விடுகிறவள். ஒரு மாணவன் இங்கிருந்து அங்கே மாறிப்போனபோது, மொச்சைக் குழம்பைக் காட்டி மயக்கிவிட்டாள் என்று தோக்-சூன் சந்தில் நின்று கத்தியதோடு சரி. இப்போது செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் சந்தைக் கடந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"அடேயப்பா, விடுதியம்மாவா! வழி தவறி வந்துட்டீங்களா?" என்றாள் சாங்-கூவின் அம்மா.

"உங்க வீட்டுக்கு அந்த மங்கோலியப் பொண்ணு வந்தாளா?"

"வந்தா. நாற்பது கோஸ் கழுவினா. அதுக்கென்ன, அவளையும் நான் குழம்பைக் காட்டி மயக்கிட்டேனா?"

"காசு குடுத்தீங்களா?"

"காசா?" சாங்-கூவின் அம்மா உள்ளே போய், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்து வந்து நீட்டினாள். "மார்க்கெட் சுவர் பூரா ஒட்டியிருக்கா. படிச்சுப் பாரு."

சீட்டில், கொஞ்சம் கோணலான கையெழுத்தில் எழுதியிருந்தது: கிம்ஜாங் வேலைக்கு வருவேன். காசு வேண்டாம். ஆனால் வேலை செய்யும்போது எல்லாரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மெதுவாகப் பேச வேண்டாம்.

"வகுப்புல இவங்களுக்காக வாத்தியாருங்க மெதுவாப் பேசறாங்களாம். வீட்ல யாரும் மெதுவாப் பேச மாட்டாங்க, அதான் வர்றேன்னா. ஒரே ஒரு வருஷம்தானாம். இருக்கிற நாளையெல்லாம் பிழிஞ்சு எடுத்துட்டுப் போறேன்னு சொல்றா. என் மாமியாரை நான் திட்டற திட்டையெல்லாம் எழுதிக்கிட்டா, கழுதை."

"சனிக்கிழமை வேன்ல போனாளே?"

"தனியா இருக்கிற கிழடுங்களுக்கு கிம்ச்சி போட்டுக் குடுக்கிற பெண்கள் சங்கத்து வேன் அது. நானும்தான் அதுல இருந்தேன். மரத்துக்குப் பின்னால நின்னு பார்த்தியே, அப்ப என்னைத் தெரியலையா? எங்களுக்கு உன்னை நல்லாத் தெரிஞ்சுது."

தோக்-சூனுக்குக் காது வரைக்கும் சூடேறியது. "போன் பண்ணிட்டேன். நாளைக்கு விசாரணை" என்றாள். சாங்-கூவின் அம்மா முதல் தடவையாகக் கிண்டலை விட்டாள். "என்ன காரியம்டி பண்ணி வெச்சே?"

புதன்கிழமை, ஐந்து டப்பாவையும் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தோக்-சூன் அலுவலகத்துக்குப் போனாள். உயாங்கா ஏற்கனவே அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தோக்-சூனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தனக்குத் துணைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். நாம்கூங் காகிதத்தை எடுத்து, "புகார் குடுத்தது வீட்டுக்காரம்மா" என்று வாசித்தபோது அந்தப் பெண் அவளிடமிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்பு. அவ கூலிக்குப் போகலை. என் புத்திதான் கோணல்" என்றாள் தோக்-சூன்.

நாம்கூங் பேனாவை வைத்தான். "அம்மா, திங்கட்கிழமை ஒரு பேச்சு, புதன்கிழமை ஒரு பேச்சா? பட்டியல்ல வீடு வராதுன்னு பயந்துக்கிட்டு இப்ப மறைக்கிறீங்களா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, உண்மையைச் சொல்லிவிட்டுப் பொய்க்காரியாக நிற்பது எப்படி இருக்கும் என்று தோக்-சூனுக்குத் தெரிந்தது. அது தாங்கக்கூடியதாக இல்லை. மூட்டையை அவிழ்த்து டப்பாக்களை மேஜையில் வரிசையாக வைத்தாள். "சாப்பிட்டுப் பாருங்க. அஞ்சும் அஞ்சு வீட்டுக் கை. தொழிற்சாலையில இப்படி வருமா?"

நாம்கூங் கல்யாணமாகாதவன், மூன்று வேளையும் கடையில் வாங்கிய நூடுல்ஸில் காலம் தள்ளுகிறவன். ஐந்திலும் ஒவ்வொரு துண்டு சாப்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. "எல்லாம் ஒரே காரமாத்தான் இருக்கு" என்றான்.

"நாக்கா அது!" என்று தோக்-சூன் தன்னை மறந்து கத்திவிட்டாள்.

நல்ல வேளையாக சாங்-கூவின் அம்மா, அன்றைக்கு வேனில் இருந்த சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரோடு வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கூலிப் பேச்சு அத்தோடு முடிந்தது.

"சரி. ஆனா இந்த இருபதாம் தேதி?" என்றான் நாம்கூங். "அன்னிக்கு எந்த வீட்டுக்குப் போனே? அதுக்குக் காரணம் எழுதணும்."

உயாங்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா. அது ஒண்ணுதான் பாக்கி."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, தோக்-சூனைப் பார்க்காமல் அவனிடம் நீட்டினாள். வீடு வீடாக எழுதியிருந்தாள்; பதினோரு வீடு. யார் என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தார்கள், எந்தச் சொல் புரியவில்லை, எல்லாம் இருந்தது. நாம்கூங் அந்த ஒரு பக்கத்தை மட்டும் சத்தமாக வாசித்தான்.

"இருபதாம் தேதி, செவ்வாய். எங்கள் வீடு. காலையில் குடை எடுக்கத் திரும்பி வந்தேன். வாசலில் கோஸ் இலை கிடந்தது. கிம்ஜாங் இன்றைக்குத்தான். பெரியம்மா மட்டும் தனியாகச் செய்கிறாள். கூப்பிடுவாள் என்று பின்பக்கம் நின்றேன். வகுப்பு போய்விட்டது. பேச்சு எதுவும் இல்லை. நாலு தடவை 'ஐயோ இடுப்பு' என்றாள். இரண்டு தடவை, ஒருத்தரும் இல்லையே என்றாள். மாலையில் அது கடையில் வாங்கியது என்றாள். எல்லா வீட்டுக் கிம்ச்சியையும்விட இதுதான் ருசி. எழுத வேறு சொல் கிடைக்கவில்லை."

சாங்-கூவின் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன்டி கதவைத் தட்டலை?" தோக்-சூனின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தட்டியிருந்தா யாருன்னு கேட்டிருப்பீங்க, பெரியம்மா. நான்னு சொன்னா எதுக்குன்னு கேட்டிருப்பீங்க."

நாம்கூங் காகிதத்தில் எதையோ எழுதினான். பிறகு விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டான். வீட்டுக்காரர் மாணவர்மேல் புகார் கொடுத்தால், மாணவர் விரும்பினால் வீடு மாறிக்கொள்ளலாம். மாறினால் புகார் கொடுத்த வீடு இந்த வருடம் பட்டியலில் வராது. "என்னம்மா சொல்றே? இங்கயே இருக்கியா, மாறிக்கிறியா?"

தோக்-சூன் பட்டியலை நினைக்கவில்லை. இது சத்தியம். அவள் அந்தப் பெண்ணின் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கிறேன் என்று சொல்லிவிடேன், அடுத்த கிம்ச்சிக்கு நீதான் விழுது கலக்கணும், அளவெல்லாம் சொல்லித் தருகிறேன் என்று வாய்வரை வந்தது. வாய் திறக்கவில்லை. இப்போது சொன்னால் காக்கா பிடிப்பதாகத்தானே இருக்கும் என்று தோன்றியது.

உயாங்கா நோட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தாள். எழுந்து தோக்-சூனுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"உங்கமேல கோபம் இல்லை, பெரியம்மா. ஆனா எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு. அதைக் கதவுக்கு வெளிய நின்னு கழிக்க முடியாது. நான் மாறிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள், சந்தைக் கடந்து எதிர்வீட்டுக்குத்தான். பெட்டியைத் தோக்-சூனே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள். சாங்-கூவின் அம்மா வாசலில் நின்று, கிண்டலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்த தோக்-சூன், யார் காலி செய்தாலும் செய்வதைப்போல அறையைச் சோதித்தாள். போர்வை, தலையணை, மேஜை விளக்கு, ஏழு துணிமாட்டி, ஜன்னல் திரை, இரண்டு ஜோடி உணவுக்குச்சி. எல்லாம் இருந்தது. தரையைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். மறுபடியும் ஒருதரம் சரிபார்த்தாள். ஒரு துணிமாட்டியாவது, ஒரே ஒரு குச்சியாவது குறைந்திருக்கக் கூடாதா என்று அந்த வெறும் அறையில் உட்கார்ந்து அழுதாள்.